ஒண்ணாம் நம்பர் சூடு

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கார் ஹீட்டர் சரியில்லை என்று ஒருத்தர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

வந்தவர் மார்த்தாண்டம் வாழைக்குலை வியாபாரி வைகுண்டராஜன். சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரையிடம் வாங்கிய கார். மலைக்குளிருக்காக துரை வைத்திருந்த ஹீட்டர்.

"சூட்டுக்காத்தை ஊதுற ஃபேனுக்கு ரெண்டு வேகம் உண்டு, மக்கா. இப்போ ரெண்டாம் நம்பர் மட்டும்தான் ஓடுது. ஒண்ணாம் நம்பர் செத்துப்போச்சு."

மெக்கானிக் ததேயுஸ் தலையைச் சொறிந்தான். "நம்ம ஊருக்கு இது எதுக்கு அண்ணாச்சி? வயரைப் பிடுங்கி விட்டிருதேன்."

"ஐயோ, தொடாதே. எனக்கு ஒண்ணாம் நம்பர்தான் வேணும். அடுத்த வாரம் நான் நிக்கிற பஞ்சாயத்து எலெக்‌ஷன்லா."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன முடிச்சோ, ததேயுஸுக்கு விளங்கவில்லை.

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை செல்லக்கனி அவன் காதில் சொன்னாள்: "அண்ணாச்சிக்குப் பவுசு கூடிப்போச்சு. ஆனாலும் நல்ல மனுசன். ரோட்டுல கைகாட்டினவங்களை ஏத்தாம போனதே கிடையாது. எனக்க ஓட்டு அவருக்குத்தான்."

அவள் போனதும் ததேயுஸ் வண்டிக்குள் குனிந்தான்.

"ரெண்டுல ஓடுதுன்னா மோட்டார் சரி, ஃபியூஸும் சரி. ஒண்ணுக்குப் போற வழியிலதான் கோளாறு. இந்தா, வேகத்தைக் குறைக்கிற சுருள் கம்பி எரிஞ்சு கிடக்கு."

சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் உருவி எடுத்தான். பழைய துண்டு. வண்டி ஓட்டுகிறவர் பக்கம் சூடு வராதபடி திணித்து வைத்திருந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

வைகுண்டராஜன் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உனக்கு எங்க வார்டுல ஓட்டு இல்ல. அதனால சொல்லுதேன், வெளியே விட்டிராதே. கைகாட்டினவனை ஏத்தலேன்னா ஓட்டு போயிரும். ஏத்தினா நாகர்கோயில் வரைக்கும் வந்து, மறுநாளும் வந்து நிக்கான். அதான், ஓட்டு உள்ளவன் ஏறினா ஒண்ணுல வைப்பேன். லேசா வேர்க்கும். 'இங்கயே இறங்கிக்கிடுதேன், நல்லாருப்பீங்க அண்ணாச்சி'ன்னு வாழ்த்திட்டுப் போவான். பிறகு கைகாட்ட மாட்டான். ஓட்டும் பத்திரம்."

"ஓட்டு இல்லாதவன் ஏறினா?"

"அவனுக்கு ரெண்டு." வைகுண்டராஜன் வயிறு குலுங்கச் சிரித்தார். "தாங்க மாட்டான். இப்போ ஒண்ணு போனதால ஓட்டு உள்ளவனுக்கும் ரெண்டுதான் வைக்க வேண்டியிருக்கு. நேத்து ஒருத்தன் இறங்கும்போது மூஞ்சியே சரியில்ல. இப்படியே போனா தோத்துருவேன், மக்கா."

ததேயுஸ் சிரிக்கவில்லை. புதுக் கம்பி சுற்றி மாட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் ஒண்ணாம் நம்பர் மெல்ல ஓடியது. வைகுண்டராஜனுக்கு உயிர் வந்தது.

"அண்ணாச்சி, போன மாசம் தக்கலைக்குப் போக உங்க வண்டியில நானும் ஏறினேன்லா."

வைகுண்டராஜன் சட்டென்று ஸ்விட்சை அணைத்தார்.

"பாதி வழியில, சுவாமியார்மடத்திலயே இறங்கிட்டேன். காய்ச்சல்னு நெனச்சு வீட்டுல போய்ப் படுத்தேன். எனக்க பெண்டாட்டி நேசம்மா சுக்குக் கஷாயம் போட்டுத் தந்தா. ஏத்திக்கிட்டு வந்த புண்ணியவானுக்காக ஜெபமும் செய்தா."

"சின்ன விசயம், மக்கா. மனசுல வச்சுக்கிடாதே. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"எனக்கு என்ன அண்ணாச்சி, ஓட்டு இல்லாதவன்." ததேயுஸ் அந்தத் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டான். "நேசம்மாளுக்குப் பிறந்த வீடு உங்க வார்டுலதான். அண்ணன் தம்பி, சித்தப்பா மக்க, எல்லாருக்கும் ஓட்டு அங்கதான். இன்னைக்கு சாயந்திரம் ரெண்டு பேரும் அங்க போறோம். வண்டியில ஏத்திக்கிடுவீங்கல்லா?"