என் பக்கத்துக் கண்ணாடி

உஷிட்சே நகருக்குப் போகும் மலைச்சாலையில் மழை. காருக்குள் தித்திப்பாக ஒரு வாசனை. என் கணவன் மிலுதின் ஹீட்டரைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடுகிறது. "யாரை ஏத்திட்டுப் போனே? சென்ட்டு இந்தத் தூக்குத் தூக்குது" என்கிறேன். அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் காலடி விரிப்பில் தன் பக்கத்து ஓரத்தைத் தொட்டு விரலை நீட்டுகிறான். பிசுபிசுவென்று பச்சை நீர். "ஹீட்டர்ல கூலன்ட் ஒழுகுது, அந்த வாடைதான். இதுக்குக்கூடவா பொறாமை, தேசங்கா?" ஹீட்டரை அணைக்கிறான். வாசனை மெல்ல அடங்குகிறது, என் வயிற்றெரிச்சலும்தான். ஆனால் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து சாலை மங்குகிறது. தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கியவன், "உன் பக்கமும் இறக்கு" என்கிறான். இரண்டு பக்கமும் திறந்தால் குறுக்குக் காற்று கழுத்தைப் பிடித்துவிடும் என்று ஊரே நம்புகிறது; பன்னிரண்டு வருடமாக ஆகஸ்ட் வெயிலில்கூட மூடிவைத்து என்னை வேகவைத்தவன் இவன். "கழுத்து பிடிக்காதா?" "அதெல்லாம் சும்மா. நேத்தும் இதே வாடை. ஓட்டிக்கிட்டே ரெண்டையும் இறக்கியாச்சு, ஒண்ணும் ஆகல." நேற்று தனியாகப் போனதாகத்தான் சொன்னான். கண்ணாடியை இறக்கும் கைப்பிடியில் என் கை நிற்கிறது. பழைய கார், சுற்றித்தான் இறக்கவேண்டும். ஓட்டுகிறவனுக்கு இது எட்டாது.