பழைய டீசல் இலவசமாக எடுக்கப்படும்

சிதம்பரத்துச் சடையப்பனுக்குத் திருட்டில் ஒரு கொள்கை இருந்தது. இருட்டில் போகக் கூடாது. இருட்டில் போனால் திருடன் என்பார்கள். பட்டப்பகலில் கையுறை மாட்டிக்கொண்டு போனால் சார் என்பார்கள்.

கடலூர் துறைமுகத்தில் மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. இரண்டு மாதமாகக் கட்டிக்கிடக்கும் படகுகளைக் குறிவைத்து, டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். 'படகு டேங்கில் கெட்டுப்போன பழைய டீசல் பாதுகாப்பாக அகற்றித் தரப்படும். முற்றிலும் இலவசம். மக்கள் சேவை.' கீழே போன் நம்பர்.

இரண்டு மாதத்தில் ஊசிப்போக டீசல் என்ன சாம்பாரா? அது சடையப்பனுக்குத் தெரியும். எடுக்கிற சரக்கு நேராக மங்கலம்பேட்டை போகும். போர்வெல் போடும் தட்சிணாமூர்த்தி பாதி விலைக்கு வாங்கி வண்டிக்கு ஊற்றிக்கொள்வார். திருட்டு டீசல் வாங்க அவருக்குக் கூச்சம் கிடையாது. கலப்படம் மட்டும் ஆகாது. போன தடவை ஒரு கேனில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததற்கு, "இன்னொரு வாட்டி இப்பிடி வந்துச்சு, கால ஒடச்சிடுவேன்" என்றிருந்தார். நியாயஸ்தர். சொன்னால் செய்வார்.

நோட்டீஸைப் பார்த்துக் கூப்பிட்டது சின்னம்மாள். புருஷன் போனபின் ஒண்டியாளாகப் படகை வைத்து நடத்துகிறவள்.

"பொம்பள ஓனரு. ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம் மச்சான்" என்று வண்டி ஓட்டும் திருநாவுக்கரசைப் பார்த்துக் கண்ணடித்தான் சடையப்பன்.

படகில் ஏறினான். டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை நாலு விரற்கடை முக்கி எடுத்து மோந்தான். லாரி டேங்குகளில் பழகிய கை. அசல் டீசல்.

"கெட்டுப்போச்சுக்கா. இத வச்சி இன்ஜின ஸ்டார்ட் பண்ணீங்க, பம்பு காலி" என்று உச்சுக்கொட்டினான்.

"ஐயையோ. அடியில ஒரு குழா இருக்குதே தம்பி, அதத் தொறந்து பாக்கலியா?"

"அதத் தொட்டா தீப்பொறி பறக்கும்க்கா. சேஃப்டி முக்கியம்."

எந்த நேரத்தில் சேஃப்டி என்றானோ, சின்னம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னாள். பக்கத்தில் மணல் வாளி இருக்க வேண்டும் என்றாள். மணல் அள்ளிவர அவனையே அனுப்பினாள். திருநாவுக்கரசு காதில் செருகியிருந்த பீடியை உருவி அந்த மணலிலேயே புதைத்தாள்.

"நோட்டீஸ்ல பாதுகாப்பானு நீங்கதான போட்ருக்கீங்க?"

கறுப்பு ஹோஸை டேங்கின் அடிவரை இறக்கி, கைப்பம்பைச் சுற்றிச் சுற்றி இருவருக்கும் தோள் கழன்றது. மறுமுனை நீலக் கேன்களில். போன திருட்டின் மிச்சம் ஒட்டியிருந்த அதே கேன்கள். ஒவ்வொன்றின் வாயிலும் டீசல் மினுமினுத்தது. பன்னிரண்டு கேன் நிரம்பிற்று.

கிளம்பலாமென்றால் அவள் விடவில்லை. "அடியில சேறு கெடக்குது பாரு. அத வுட்டுட்டுப் போனா எப்பிடி?"

திருநாவுக்கரசு தோள்வரை கையை விட்டுச் சாக்குத் துணியால் வழித்தான். அது போதாதென்று காய்ந்த துணியால் இரண்டாம் தரம் துடைத்தான். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திருடுவதற்கு இவ்வளவு உழைக்க வேண்டுமென்றால், ஒழுங்காக ஒரு வேலைக்கே போயிருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது.

"மாமா, கேனு ஜாஸ்தி கனமா இருக்குதே?" என்றான் திருநாவுக்கரசு, வண்டியில் ஏற்றும்போது.

"கலப்படமில்லாத சரக்கு கனமாத்தாண்டா இருக்கும்."

சின்னம்மாள் சொம்பு நிறைய மோர் கொடுத்துக் கும்பிட்டாள். "மவராசனா இருங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்க்கச் சடையப்பனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. வடலூர் தாண்டியதும் அது சரியாகிவிட்டது.

மங்கலம்பேட்டையில், முந்திரிக்காட்டு நடுவே நின்ற போர் வண்டி காலையிலிருந்து முந்நூறு அடி துளைத்தும் வெறும் புழுதியைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. தட்சிணாமூர்த்தி எரிச்சலில் இருந்தார்.

"டேங்க் காலிடா. மொதல்ல ரெண்டு கேன ஊத்து."

ஊற்றினார்கள். வண்டி நாலு தரம் இருமியது. வெள்ளைப் புகை விட்டது. அப்படியே நின்றுவிட்டது.

தட்சிணாமூர்த்தி முழங்கை நீள ஸ்பேனரைத் தேடி எடுத்தார். "என்னாடா கலந்த?"

"ஒண்ணுமே கலக்கலண்ணே. எங்கம்மா மேல சத்தியமா."

இந்தத் தொழிலுக்கு வந்தபின் அவன் பேசிய முதல் உண்மை அதுதான். அதனால் எடுபடவில்லை.

அப்போது அவன் போன் அடித்தது.

"யாருடா அது, பங்காளியா? ஸ்பீக்கர்ல போடு" என்றார் தட்சிணாமூர்த்தி.

"தம்பி, சின்னம்மா பேசுறேன். டேங்க்க கண்ணாடியாட்டம் ஆக்கிட்டீங்க. திருட வந்தவுங்கன்னாலும் வேலையில சுத்தம். போன மாசம் அடிச்ச காத்துல படகு சாஞ்சி, மேல நாலு வெரக்கட டீசலு, கீழ பூரா கடலு. கழுவ ஆளும் கெடைக்கல, அத தொறமொகத்துல ஊத்துனா கேசு போடுவாங்க. பக்கத்து படகு சார்லசுக்கும் இதே கதிதான். நாளைக்கு வந்துடுங்க, மோரு தர்றேன்."

முந்நூறு அடி துளைத்தும் கிடைக்காத தண்ணீர், பன்னிரண்டு கேனில் தன்னைத் தேடி வந்திருப்பதைத் தட்சிணாமூர்த்தி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எந்தக் காலை முதலில் என்று சடையப்பனையே கேட்டார்.