பேர் அடித்த சட்டை

மதுரா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது, வட்ஸ்அப்பில் தகப்பன் ஏற்கனவே காத்திருந்தார்.

சட்டையின் முதுகில் அவளுடைய பெயரைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள். சனிக்கிழமை மாகாண அணிக்குத் தெரிவு. பந்து எறிய ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம்.

உதயகலா போனைக் கிணற்றுக்கட்டில் வாளியோடு சாய்த்து வைத்தாள். மகள் எறிந்த பந்து பட்டுப் போன் ஒருமுறை தண்ணீருக்குள் விழுந்ததில் ஸ்பீக்கர் செத்துவிட்டது. அதனால் இயர்போனைத் தன் காதில் செருகிக்கொண்டு, கணவன் சொல்வதையெல்லாம் மகளுக்குத் திருப்பிச் சொல்வது அவளுடைய வேலை. கையுறையைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து பந்து பிடிப்பதும் அவள்தான். முழங்கால் தேய்ந்ததுதான் கண்ட மிச்சம்.

ஜெயரூபன் கனடாவுக்கென்று வெளிக்கிட்டபோது மதுரா வயிற்றில். அங்கே தங்குவதற்கான கடதாசி அலுவல் இன்னும் முடியவில்லை. மகளை அவர் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

சொப்ட்போல் என்று ஒரு மட்டைப்பந்து விளையாட்டு இருப்பதே அங்கே போய்த்தான் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவில் ஊரார் பிள்ளைகளுக்கு அவரவர் தகப்பன்மார் குந்தியிருந்து பந்து பிடிப்பார்கள். இவர் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். பார்த்துப் பார்த்தே எல்லாம் பழகிவிட்டார். மதுராவின் பள்ளிக்கூடத்திலும் அதே விளையாட்டைத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மனிதர் அழுதேவிட்டார்.

கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தொடையருகே வரும்போது பந்தை விடவேண்டும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் சொன்னபடி செய்தால் பந்து ஒன்றில் வாழைக்குள் போகும், இல்லாவிட்டால் கிணற்றுக்குள் போகும். இடது தோளைத் தளர்த்து என்பார். வலது காலை முன்னே வை என்பார். இடது மணிக்கட்டு இப்போது நன்றாக மடங்குகிறது என்று வாயாரப் புகழ்வார்.

மதுரா எறிவதோ வலது கையால்.

"போனிலை வலம் இடமாய்த்தான் தெரியும். நீ மாத்திச் செய்," என்று உதயகலா சமாளித்து வந்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித்தானே இதுவும் என்று அவளும் நம்பியிருந்தாள்.

அவளுக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். நின்று எறிவதற்கென்று மண்ணில் ஒரு பலகை பதித்திருந்தது. மதுரா அதன் நடுவில் நிற்கவே மாட்டாள். எப்போதும் விளிம்பிலேதான் நிற்பாள். சொல்லிச் சொல்லித் தாய்க்கு வாய் உளைந்துவிட்டது.

இன்றைக்கு மதுரா பலகைக்குப் போகவில்லை. நேரே போனுக்கு முன்னால் வந்து, திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கழுத்தை மட்டும் வளைத்துத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜெயரூபன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"மதுரா எண்டு பேர் போட்ட சட்டையோடை நிக்கிற பிள்ளை ஆர், உதயா? எப்பவும் பக்கத்திலை நிண்டு வலக்கையாலை எறியிறவ. எங்கடை பிள்ளையின்ரை சாடையாயும் இருக்கிறா. சிநேகிதியாக்கும் எண்டு நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

உதயகலா திரையைப் பார்த்தாள். பிறகு மகளின் முதுகைப் பார்த்தாள். அவர் பெயரைச் சரியாக வாசித்திருக்கிறார். கண்ணாடி மாதிரி என்றால் எழுத்தும் புரண்டல்லவா தெரிந்திருக்கவேண்டும்.

அப்படியென்றால் இத்தனை மாதமாக அவர் புகழ்ந்தது யாரை?

"எங்கடை பிள்ளை பலகையிலை தனிய நிக்கிறா," என்றார் ஜெயரூபன். "அவவின்ரை சட்டையிலை ஏன் பேர் போடேல்லை?"

உதயகலா திரும்பிப் பார்த்தாள். பலகையில் ஒருவரும் இல்லை. மாலை வெயில் விழுந்து கிடந்தது.

அவளுக்குப் பிறந்தவை இரண்டு. இளையது எந்த நேரமும் இடது கையை வாய்க்குள் வைத்திருக்கும். பிள்ளை பெற்ற துடக்குக் கழிக்க முதலே அது செத்துப்போய்விட்டது. முப்பத்தோராம் நாள் பெயர் வைத்தது ஒன்றுக்குத்தான். அப்போது ஜெயரூபன் வழியில் ஏதோவொரு நாட்டில் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருந்தார். கேட்டால் மனிதர் உடைந்துபோய்விடுவார் என்று பயந்து, ஒரு பிள்ளைதான் என்று சொல்லிவிட்டாள். மதுராவுக்கும் அவள் இதைச் சொன்னதில்லை.

"அப்பா என்னவாம்?" என்று மதுரா கேட்டாள்.

"சட்டை வடிவாயிருக்காம்."

மதுராவின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் பலகையில் ஏறினாள். வழக்கம்போல விளிம்பில்.

உதயகலா கையுறையை மாட்டிக்கொண்டு குந்தினாள்.

"அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்," என்றது காதுக்குள் குரல். "எங்கடை பிள்ளைக்குக் கை சுத்த இடம் காணாது."

இதை மகளிடம் சொல்ல அவள் நினைக்கவேயில்லை. திருப்பிச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லு பிள்ளை."

மதுரா பந்தைக் கைக்குள் உருட்டிக்கொண்டே காலுக்குக் கீழே பார்த்தாள்.

"நான் எப்பவும் தள்ளித்தானே அம்மா நிக்கிறனான். அவதான் வந்து வந்து ஒட்டுறா."