சாக்ஸ் காயும் பெட்டி

ஆடி மாதம் மலைமேல் இருக்கும் காந்தலில் துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாது. டீச்சரான ஆன்சி தன் சாக்ஸைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்தான் போடுவாள். எட்டு வருஷத்துக்கு முன் கடையில் அப்படியே வாங்கி வந்த பெட்டி. அடுப்பு மாதிரி சுடும்.

அந்தச் சூடு பிடிக்காமல் அவள் கணவன் டெனின் புது போர்டு, புது ஃபேன், கண்ணாடி வைத்த புது கேபினெட் எல்லாம் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு மாட்டி முடித்தான். பழைய பெட்டி வெறும் தகரக்கூடாக விறகுக் கொட்டகைக்குப் போனது. புதுசு தொட்டால் ஜில்லென்றிருந்தது. டெனினுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டுங்க, என் சாக்ஸ் எங்க காயும்?” என்றாள் ஆன்சி.

புதன்கிழமை அவள் காய்ந்த சாக்ஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

“எங்க காயப்போட்ட?”

“பழைய பெட்டி மேலதாங்க. இன்னொரு ஜோடியும் கிடக்குது.”

டெனின் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தான். கூரை ஒழுகி விறகெல்லாம் நனைந்திருந்தது. பெட்டிக்குள் ஒரு ஒயர்கூட இல்லை. மேலே கை வைத்தான். இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு வீட்டுக்குள் போய்த் தன் ஈர ஸ்வெட்டரை எடுத்துவந்து, அவள் சாக்ஸுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டுவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.