பின்மூடி

பின்மூடியைத் திறந்த பிறகுதான் பார்த்தான். உள்ளே பிலிம் இருந்தது.

உடனே மூடினான்.

ஆனால் காலை பத்து மணி. ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடி வெயில். கழுவாத பிலிமில் ஒரு நொடி பட்டாலும் படம் அழிந்துவிடும்.

இருபது வருடமாக இந்த வகைக் கேமராக்களைச் சேர்க்கிறான். முன்புறம் இரண்டு லென்ஸ், இரண்டு கண்போல. ஒரே காட்சியை இரண்டு படமாக எடுக்கும். இரண்டையும் அதற்கான பெட்டியில் வைத்துப் பார்த்தால் ஆள் எழுந்து முன்னால் வந்து நிற்பதுபோல இருக்கும். மதுரையில் அவன் வீட்டு அலமாரியில் அறுபத்து மூன்று இருக்கின்றன. இது மட்டும் இல்லை. பார்த்ததும் கை பரபரத்துவிட்டது.

எதைத் திறப்பதற்கு முன்னும் சுருள் சுற்றும் குமிழை லேசாகத் திருப்பிப் பார்ப்பான். இறுகினால் உள்ளே பிலிம். புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்வது அதைத்தான்.

இன்று திருப்பவில்லை.

நிமிர்ந்தான். கிளாரம்மா காப்பியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எண்பது வயது இருக்கும். கப்பலில் வேலை பார்த்த கணவர் ஜெர்மனியில் வாங்கிய கேமரா. அவர் இறந்து இரண்டு மாதமாகிறது. விலை சொல்லத்தான் இவனை வரச் சொல்லியிருந்தாள்.

"தொறந்து பாத்துட்டியளா?"

"ம்."

"எங்க ரோஸ்லின் எப்படி இருக்கா?"

அவனுக்குப் புரியவில்லை.

காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சொன்னாள். ஒரே மகள். நாலு வயது. அப்பா கப்பலிலிருந்து வந்த அன்று எடுத்த படம். அடுத்த வாரம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதோடு அவர் கேமராவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிலிமைக் கழுவக் கொடுக்கவில்லை. கொடுக்க விடவுமில்லை.

பிள்ளைக்கு வேறு படம் கிடையாது.

மூடியைத் திறந்தால் உள்ளே படம் தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

சொல்லிவிட வேண்டும். வாயெடுத்தான்.

"சிரிக்காளா தம்பி?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்க மாட்டேன்னு ஒரே அடம். நாந்தான் முதுகுல ஒரு அடி வச்சேன். அப்புறம் சிரிச்சாளா அழுதாளான்னு எனக்கு நெனப்பே இல்ல."

அவன் உள்ளங்கை பின்மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. இனி அதை அழுத்தி என்ன.

"சிரிக்கிறாம்மா," என்றான். "நல்லாச் சிரிக்கிறா."





கிளாரம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரில் மாலையோடு தொங்கிய கணவரின் படத்தை இறக்கினாள். காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அவரை மாட்டினாள். காலியான ஆணியைத் தொட்டுக்கொண்டே திரும்பினாள்.

"இங்கன மாட்டுனா அவ மேல வெளிச்சம் விழுமா தம்பி?"