அணையாத மஞ்சள் லைட்டு

“எங்கயாச்சும் தட்டுனீங்களா? கல்லு, பள்ளம், ஏதாச்சும்?”

மெக்கானிக் எழிலரசன் காருக்கு அடியில் படுத்தபடியே கேட்டார். பிரசாந்த் திரும்பி மனைவியைப் பார்த்தான். தலையில் மணல் சட்டி இருக்கிறவளைப் போலக் கழுத்தைத் திருப்பாமல் நின்றாள் சத்யா.

“இல்லைங்க. கோயிலுக்கும் கடைக்கும்தான் எடுத்தேன்.”

பொய்.

விராலிமலை மெயின்ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு அவர்கள் வருவது இது மூன்றாவது தடவை. துபாயிலிருந்து லீவில் வந்த பிரசாந்த், பொன்னமராவதி ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டும் ஆண்டியப்பனிடம் வாங்கிய பழைய கார் அது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டரில், கார் வழுக்குகிற மாதிரி ஒரு மஞ்சள் படம் எரிந்துகொண்டே இருக்கிறது. எழிலரசன் கம்ப்யூட்டரை மாட்டி அழித்து அனுப்புவார். ஊர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி எரியும்.

“மழையில வண்டி வழுக்கிக்கிட்டுப் போகாம பிடிச்சு நிறுத்த ஒரு ஏற்பாடு இருக்கு தம்பி. அது வேலை செய்யலைன்னாதான் இது எரியும்.” எழிலரசன் வெளியே வந்து உட்கார்ந்தார். “முன்னாடி எடது சக்கரத்தைத்தான் காட்டுது. சென்சாரும் புதுசு மாத்திப் பாத்தாச்சு. எங்கயாச்சும் அடி வாங்கியிருந்தாலும் இப்படிப் பண்ணும்.”

இடது சக்கரம். சத்யா அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள்.

கார் வாங்கிய வாரத்தில் பிரசாந்த் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ஓட்டிப் பழகலாம் என்று தனியாக எடுத்தாள். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் இடது சக்கரம் மடாரென்று பள்ளத்தில் இறங்கியது. திறந்திருந்த கண்ணாடி வழியாகச் சேறு உள்ளே அடித்தது.

எப்படியோ மேலே ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவன் வருவதற்குள் உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவினாள். மீட்டரைத் துடைக்கும்போது, அதில் ஒட்டியிருந்த சின்ன முருகன் படம் ஈரத்துணியோடு உரிந்து வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதைச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் காலையில் பிரசாந்த் சாவியைத் திருப்பினான். மஞ்சள் லைட்டு எரிந்தது.

சாமிதான் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்தாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. ‘நான் துபாய் போனப்புறம் நீதான் ஓட்டணும். ஒரு கீறல் விழுந்துச்சு, சாவி எங்கப்பாகிட்டப் போயிரும்’ என்று அவன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

பழி ஆண்டியப்பன் மேல் விழுந்தது.

“அந்தா உக்காந்திருக்காருல்ல, அவரைக் கேளுங்கண்ணே” என்றான் பிரசாந்த். “நெத்தி நிறையப் பட்டை. வாயைத் தொறந்தா முருகா, முருகா. விக்கிறது ஓட்டை வண்டி!”

பட்டறை வாசலில் புங்கமரத்தடியில் குத்தவைத்திருந்த ஆண்டியப்பன் தலையைத் தூக்கவில்லை. கூப்பிட்ட மூன்று தடவையும் பஸ் பிடித்து வந்துவிட்டார். முதல் தடவை வந்தபோதே கார்க் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். “இங்கிட்டு இருந்த முருகன் எங்க தாயி?” என்று கேட்டார். “தொடைக்கயில கையோட வந்துருச்சுண்ணே” என்றாள் சத்யா. அதோடு சரி. போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். எத்தனை திட்டினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எழிலரசன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “உள்ளுக்குள்ள ஒயர் மொத்தத்தையும் பிரிச்சுப் பாக்கணும் தம்பி. இன்னைக்கு ஆகாது.”

“அப்ப நேரா ஸ்டாண்டுதான். அத்தனை டிரைவருக முன்னாடியும் நிக்க வச்சுக் கேக்குறேன். அதுக்கப்புறம் எவன் இவரை வாடகைக்குக் கூப்பிடுறான்னு பாத்துருவோம். நீ வண்டியில ஏறு சத்யா, ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

அவன் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனான். சத்யா வண்டியில் ஏறவில்லை. நேராக மரத்தடிக்கு நடந்தாள். அவளைக் கண்டதும் ஆண்டியப்பன், தன்னைவிட வயதில் பெரியவர் முன்னால் நிற்பதுபோல, எழுந்து தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, அவுக ஒங்களைத் திட்டுனது அத்தனையும் எனக்குச் சேர வேண்டியது.”

“என்ன தாயி சொல்ற?”

“நாந்தான் வண்டியைப் பள்ளத்துல விட்டேன். அதே எடது சக்கரம். பயந்துக்கிட்டு மறைச்சுட்டேன். ஒங்களைப் பேசப் பேச மரம் மாதிரி நின்னேன். ராத்திரி சோறு எறங்கலைண்ணே.”

தலைச்சட்டியை இறக்கி வைத்தவள் போல மூச்சு விட்டாள். “டீ குடிச்சிட்டு வரட்டும், அவுககிட்ட நானே சொல்லிடுறேன். சாவி போனாப் போகுது. ஒங்க பொழப்புக் கெட வேணாம்.”

ஆண்டியப்பனின் உதடு கோணியது. துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். பட்டை பாதி அழிந்துபோனது.

“சொல்லாத தாயி.”

“ஏண்ணே? என்னாலதான ஒங்களுக்கு இந்த அசிங்கம்?”

“ஒன்னால இல்ல.”

எதிர்ப்பக்கம் பிரசாந்த் டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்ட வண்டி பார்த்து நின்றான். ஆண்டியப்பன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த லைட்டு மேலதான் தாயி நான் முருகனை ஒட்டியிருந்தேன்.”