யாருக்கும் காட்டாத டிரைவர்

பார்வையற்றோர் பள்ளியின் கணினிகள் எல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறியதிலிருந்து பிரெய்ல் பிரிண்டர் அசைய மறுத்தது. அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கணினி ஆசிரியர் பிரிண்டர் கம்பெனிக்குப் போன் போட்டே அலுத்துப்போயிருந்தார்.

"லினக்ஸுக்கு எங்ககிட்ட டிரைவர் இல்லைங்க சார்" என்றாள் உதவி மையப் பெண், மறுபடியும்.

"நீங்க புதுசா எழுத வேண்டாம்மா. பழைய டிரைவரை எழுதின சோர்ஸ் கோடை, அந்த மூல நிரலை மட்டும் குடுங்க. நானே மாத்திக்கறேன்."

"அது கம்பெனி ரகசியம் சார். வெளியாளுக்குக் காட்டக் கூடாது."

"இந்தப் பிரிண்டரை விக்கிறதையே நிறுத்திட்டீங்க. அப்புறம் என்னம்மா ரகசியம்? பசங்க கேள்வித்தாளைத் தடவிப் படிக்கணும். வெத்துத் தாளையா தடவுவாங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மேல கேட்டும் பாத்துட்டேன் சார். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த புரோகிராம் இங்க யாருக்குமே புரியல. எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். அவர் இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பார்னு எங்க இன்ஜினியருங்களே தலையில அடிச்சுக்கறாங்க."

"ஒரே நாள்தான் ஆகும்" என்றார் ஆசிரியர் எரிச்சலோடு. "அதை எழுதினதே நான்தாம்மா!"

அவள் குரல் துள்ளியது.

"நீங்களா சார்? தயவுசெஞ்சு லைன்லயே இருங்க!"

காதில் இசை ஓடியது. முதல்முறையாக அவருக்கு நம்பிக்கை வந்தது. இசை நின்று, கனத்த ஆண் குரல் ஒன்று கேட்டது.

"வணக்கம். சட்டப் பிரிவிலேர்ந்து பேசறேன். வேலையை விடும்போது, இந்த கோடை இனிமே தொடமாட்டேன்னு நீங்க போட்டுக் குடுத்த கையெழுத்து ஞாபகம் இருக்கா?"